காப்பீடா, பிணைப்பா, மாற்று இடமா?

நிலநடுக்கத்துக்குத் தொழிலைத் தயார் செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் அழைப்பது காப்பீட்டு முகவரை. அது கடைசியில் வர வேண்டிய அழைப்பு என்பது என் உறுதியான கருத்து.

காப்பீட்டின் பலத்தை நான் மறுக்கவில்லை. கட்டடமே இடிந்துபோனால் அந்த இழப்பைத் தாங்க வேறு வழி ஏது? ஆனால் பல நாடுகளில் வழக்கமான சொத்துக் காப்பீட்டில் நிலநடுக்கம் அடங்காது. தனியாகச் சேர்க்க வேண்டும். வருமான இழப்புக்கான காப்பீடும் பெரும்பாலும் நம் சொத்துக்குச் சேதம் நேர்ந்தால்தான் பயன்படும். நமக்கு ஒரு கீறலும் இல்லை, வரும் வழியிலுள்ள பாலம் இடிந்து வாடிக்கையாளர் வர முடியவில்லை என்றால், அதற்கென்று தனிப் பிரிவு இல்லாமல் பணம் வராது. வரும் பணமும் ஆய்வு முடிந்து தாமதமாகத்தான் வரும். ஊழியரின் சம்பளமோ மாதம் முடிந்ததும் கொடுத்தாக வேண்டும்.

பிணைப்பு என்று நான் சொல்வது எளிய வேலை: அலமாரிகளைச் சுவரோடு திருகி நிறுத்துவது, இயந்திரங்களைத் தரையோடு பூட்டுவது, கனமான சரக்கைக் கீழ்த்தட்டுக்கு இறக்குவது, குழாய்களுக்குத் தாங்கிகள் போடுவது. இதை அற்பமாக நினைப்பவர்கள் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியின் ஆலிவ் வியூ மருத்துவமனையை நினைத்துப் பார்க்க வேண்டும். 1971 நிலநடுக்கத்தில் சிதைந்து, மிக வலுவாகத் திரும்பக் கட்டப்பட்ட கட்டடம் அது. 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் அசையாமல் நின்றது. ஆனால் உள்ளே குழாய்கள் உடைந்து தண்ணீர் கொட்டியதால் நோயாளிகளை வெளியேற்ற நேர்ந்தது. செலவுக்குக் கிடைக்கும் பலன் என்று பார்த்தால் பிணைப்புக்கு இணை இல்லை. உயிரையும் காப்பது இது. ஒரே குறை, பலவீனமான கட்டடத்தைத் திருகாணி காப்பாற்றாது.

கட்டடம் நன்றாக இருந்தும் உள்ளே போகவே முடியாவிட்டால்? நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2011 பிப்ரவரி 22 நிலநடுக்கத்துக்குப் பிறகு நகர மையம் அடைக்கப்பட்டது. கடைசித் தடுப்பு அகல 2013 ஜூன் ஆனது. மாற்று இடமும் ஆவணங்களின் நகல்களும் உதவுவது இங்கேதான். இரண்டையும் நான் ஒன்றாகச் சேர்க்க மாட்டேன். எப்போதும் தயாராக இருக்கும் இரண்டாவது அலுவலகம் சிறு தொழிலுக்குக் கட்டுப்படியாகாது; அதே தொழிலில் உள்ள தொலைவூர் நிறுவனத்தோடு, ஆபத்தில் ஒருவருக்கொருவர் இடம் தருவதாக எழுதிக்கொள்வது போதும். நகல்கள் அப்படியல்ல, கட்டாயம். 2011 சுனாமியில் ஜப்பானின் நான்கு ஊர்களில் குடும்பப் பதிவேடுகள் அழிந்தன. வேறோர் அலுவலகத்தில் பிரதிகள் இருந்ததால்தான் அவற்றைத் திரும்ப உருவாக்க முடிந்தது. கணக்கு, ஒப்பந்தம், வாடிக்கையாளர் பட்டியல் ஆகியவற்றின் நகலும் அதே வெள்ளம் எட்டாத தொலைவில் இருக்க வேண்டும்.

ஆகவே முதல் பணம் பிணைப்புக்கு, அடுத்தது நகலுக்கு, மீதி காப்பீட்டுக்கு. பெருங்கடனில் ஆலை கட்டியவர்களுக்கு மட்டும் இந்த வரிசை பொருந்தாது. ஆலை இடிந்தாலும் கடன் நிற்கும் என்பதால் அவர்கள் காப்பீட்டைப் பிணைப்போடு சேர்த்து முதல் நாளே எடுத்துவிட வேண்டும்.