முதுகலை ஆய்வேட்டுக்குக் காந்தக் குளிர்ப்பு உலோகமா, தானே ஒட்டும் ஜெல்லா?

முதுகலை இயற்பியல் கடைசிப் பருவத்தில் எனக்கு முதலில் கிடைத்த தலைப்பு காந்தக் குளிர்ப்பு, அதாவது காந்தப்புலத்தால் வெப்பநிலை மாறும் உலோகம்; குறிப்பாக நிக்கல்-மாங்கனீசு-வெள்ளீயக் கலவை. ஏழு வாரம் அதனோடு மல்லுக்கட்டிவிட்டு, பாலிவினைல் ஆல்கஹால் என்ற நீரில் கரையும் பாலிமரையும் போராக்ஸையும் (வெண்காரம்) கலந்து செய்யும் ஜெல்லுக்குத் தாவினேன். எனவே இந்த ஒப்பீட்டில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். காந்தப் பொருள்களோடு என் பழக்கம் அந்த ஏழு வாரம்தான். ஜெல்லோடு நான்கு மாதம்.

அடிப்படை எளிதுதான். சில பொருள்களைக் காந்தப்புலத்துக்குள் வைத்தால் சூடேறும், வெளியே எடுத்தால் குளிரும். வாயுவை அழுத்தி விரிக்கும் வேலையை இங்கே காந்தம் செய்கிறது. 1933இல் ஜியாக்கும் மெக்டூகலும் கடோலினியம் சல்ஃபேட்டைக் கொண்டு 0.25 கெல்வின் வரை இறங்கினார்கள். அறை வெப்பநிலையில் ஓடும் கருவியை 1976இல் பிரவுன் செய்து காட்டினார். 1997இல் பெச்சார்ஸ்கியும் க்ஷ்னைட்னரும் கடோலினியம்-சிலிக்கான்-ஜெர்மேனியக் கலவையில் மிகப் பெரிய விளைவைக் கண்ட பிறகுதான் இந்தத் துறை சூடுபிடித்தது. ஜெல் பக்கம் கதை இன்னும் எளிது. வெட்டினால் தானே ஒட்டிக்கொள்ளும்; அமிலம், சூடு, உப்பு போன்றவற்றைக் கண்டால் இளகும், சுருங்கும் அல்லது வீங்கும்.

தலைப்பின் கவர்ச்சியில் உலோகம்தான் ஜெயிக்கும், சந்தேகமில்லை. கடோலினிய உலோகத்தின் கியூரி வெப்பநிலை, அதாவது அதைத் தாண்டினால் இரும்புபோல் காந்தத்தில் ஒட்டும் குணம் போய்விடும் வெப்பநிலை, ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸ். மே மாதத்தில் நம் ஊர் ஆய்வகத்தில் மேசைமேல் கிடக்கும் கடோலினியத் துண்டின் அருகே காந்தத்தைக் கொண்டுபோனால் அது ஏறெடுத்தும் பார்க்காது. பனிக்கட்டி போட்ட நீரில் முக்கி எடுத்துக் காட்டினால் டக்கென்று வந்து ஒட்டும். வகுப்பில் இதைவிட நல்ல செய்முறை விளக்கத்தை நான் பார்த்ததில்லை. நான் எடுத்த நிக்கல்-மாங்கனீசு-வெள்ளீயமோ இன்னும் விசித்திரம்: அதன் உருமாற்ற வெப்பநிலைக்கு (படிக அமைப்பு மாறும் வெப்பநிலை) அருகில் புலத்தைச் செலுத்தினால் சூடேறுவதற்குப் பதிலாகக் குளிரும். இந்தத் தலைகீழ் விளைவில் மயங்கித்தான் நானும் தலையாட்டினேன்.

தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு: ஒரு மாதிரி கெட்டுப்போனால் அடுத்ததைச் செய்ய எத்தனை நாள் ஆகும்? செலவு, கருவி, வழிகாட்டியின் விருப்பம் எல்லாவற்றையும் விசாரித்தேன். இதை மட்டும் விசாரிக்கவில்லை.

உலோகத்தின் ஒரு சுற்று இப்படிப் போகும். மூன்று உலோகங்களையும் எடைபோட்டு, ஆர்கான் நிரப்பிய மின்வில் உலையில் உருக்க வேண்டும். சீராகக் கலக்க வேண்டும் என்பதால் கட்டியைப் புரட்டிப் போட்டு நான்கைந்து முறை உருக்குவோம். ஒவ்வொரு முறையும் மாங்கனீசு கொஞ்சம் ஆவியாகிப் போகும். போவதை ஈடுகட்ட முன்கூட்டியே கூடுதலாகச் சேர்க்க வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பது அந்த உலைக்கும் அதை இயக்குபவரின் கைக்கும் மட்டுமே தெரிந்த கணக்கு. பிறகு கட்டியைக் குவார்ட்ஸ் குழாயில் வெற்றிடத்தில் அடைத்து, நாள்கணக்கில் 900 டிகிரிக்கு அருகே பதப்படுத்தி, பனிநீரில் போட்டுச் சட்டென்று குளிர்விக்க வேண்டும். அதன்பின் எக்ஸ் கதிர் சோதனை, கடைசியாக மாதிரியின் காந்தத்தன்மையை அளக்கும் காந்தமானி. எங்கள் துறையில் மின்வில் உலையும் இல்லை, காந்தமானியும் இல்லை. இரண்டுக்கும் வெவ்வேறு ஊர்களில் வரிசையில் நின்றோம்.

என் முதல் மாதிரியில் மாங்கனீசு எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் காணாமல் போயிருந்தது. மாங்கனீசு குறைந்தால் மற்றவற்றின் பங்கு கூடும்; இந்தக் கலவையில் வெள்ளீயத்தின் பங்கு ஒரு சதவீதம் நகர்ந்தாலே உருமாற்ற வெப்பநிலை பல பத்து கெல்வின் தள்ளிப்போய்விடும். அறை வெப்பநிலைக்கு அருகில் எதிர்பார்த்த மாற்றம் அளந்த வரம்புக்குள் எங்குமே இல்லை. இதைத் தெரிந்துகொள்ளவே ஐந்து வாரம் ஓடியிருந்தது. இரண்டாவது கட்டியைப் பதப்படுத்தும்போது குழாயில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்; திறந்து பார்த்தால் மேற்பரப்பெல்லாம் கருப்பேறிக் கிடந்தது. அன்று மாலையே வழிகாட்டியிடம் போய், “ஐயா, தலைப்பை மாற்றிக்கொள்ளலாமா?” என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படாதது என் அதிர்ஷ்டம்.

ஜெல்லின் சுற்று ஒரே பிற்பகல். 4 சதவீதப் பாலிவினைல் ஆல்கஹால் கரைசல் பத்துப் பங்கு, 4 சதவீதப் போராக்ஸ் கரைசல் ஒரு பங்கு. கலக்கினால் கண் முன்னே கெட்டிப்படும். போராக்ஸிலிருந்து வரும் போரேட் அயனி, பாலிவினைல் ஆல்கஹாலின் நீண்ட மூலக்கூறு சங்கிலிகளில் உள்ள ஹைட்ராக்சில் (OH) தொகுதிகளைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடி நிரந்தரமானது அல்ல. ஓயாமல் விட்டுவிட்டுப் பிடிக்கும். வெட்டிய இரண்டு பாதிகளைச் சேர்த்து வைத்தால் சில நிமிடங்களில் ஒன்றாகிவிடுவது இதனால்தான். எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டால் பிடி அவிழ்ந்து நீர்த்துப்போகும். சமையல் சோடா சேர்த்தால் மறுபடி கெட்டிப்படும். விகிதத்தை மாற்றி ஒரே நாளில் ஐந்து மாதிரி செய்தேன். மூன்று வீணாயின. மறுநாள் காலை மறுபடி செய்தேன். நான்கு மாதத்தில் நான் கெடுத்த ஜெல்களுக்குக் கணக்கே இல்லை. ஆனால் ஒன்றுகூட என் அட்டவணையைக் கெடுக்கவில்லை.

ஜெல்லுக்கு நோயே இல்லை என்று சொல்லமாட்டேன். இரவு உருண்டையாக வைத்துவிட்டுப் போனால் காலையில் தோசைபோலப் பரந்து கிடக்கும், ஏனென்றால் விட்டுவிட்டுப் பிடிக்கும் அதே பிணைப்புதான் அதை ஓடவும் வைக்கிறது. உறைய வைத்து இளக்கும் சுற்றுகளைச் சேர்த்தால் உருவம் நிற்கும். ஒட்டும் வேகம் குறைந்துவிடும். இரண்டும் சேர்ந்து கிடைக்கவில்லை, குறைந்தபட்சம் என் கையில். அடுத்த தொல்லை உலர்வது. குளிர்சாதன அறையில் அரை நாளில் ஓரம் தோலாகிவிடும், உலர்ந்த முகங்கள் ஒட்டாது. கிளிசரின் சேர்த்தும் மூடிய டப்பாவில் ஈரத்துணி வைத்தும் சமாளித்தேன். வெட்டி எத்தனை நிமிடம் கழித்துச் சேர்த்தோம் என்று குறித்துவைக்காத எண் எதற்கும் உதவாது; என் முதல் மாதத் தரவு முழுவதும் அப்படித்தான் குப்பைக்குப் போனது. ஜெல் எவ்வளவு ஓடுகிறது, நெகிழ்கிறது என்று அளக்கும் ரியோமீட்டருக்கும் வெளியூர்தான் போனோம். ஆனால் அரை நாள் போதுமானதாக இருந்தது. ஒட்டிய இடத்தின் வலுவைக் கல்லூரியிலேயே எடைக்கற்களைத் தொங்கவிட்டு அளந்தோம்.

வெப்பத்துக்கு எதிர்வினை காட்டும் ஜெல்தான் வேண்டும் என்றால் பாலி-என்-ஐசோப்ரொப்பைல் அக்ரிலமைடு இருக்கிறது. 32 டிகிரியைத் தாண்டினால் நீரைக் கக்கிச் சுருங்கி வெள்ளையாகும். நம் ஊர்க் கோடையில் அது மேசைமேல் சும்மா இருந்தபடியே வெளுத்துவிடும் என்பதால் குளிர்நீர்த் தொட்டி கட்டாயம். வினைக்கலவையில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை நைட்ரஜன் செலுத்தி வெளியேற்றவும் வேண்டும். இவ்வளவு ஏற்பாட்டுக்கு ஒரு பருவம் எனக்குக் குறுகலாகப் பட்டது. நான் அதைத் தொடவில்லை.

உலோகத்தை யார் எடுக்கலாம்? மின்வில் உலையும் காந்தமானியும் சொந்தத் துறையிலேயே இருப்பவர்கள், தலைக்குமேல் ஓர் ஆராய்ச்சி மாணவர் கைகொடுக்க இருப்பவர்கள், ஓராண்டு அவகாசம் உள்ளவர்கள் தாராளமாக எடுக்கலாம். முனைவர் பட்ட நேர்காணலில் அதன் மதிப்பு அதிகம் என்று என் வகுப்புத் தோழர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். அவருக்கு இடம் கிடைத்தது, எனக்கும் கிடைத்தது. இரண்டு பேரை வைத்து முடிவு கட்ட முடியாது.

இரண்டையும் விட மனமில்லாதவர்களுக்கு நடுவழி ஒன்று: ஃபெர்ரோஜெல். இரும்பு உப்புகளில் அம்மோனியா சேர்த்து வீழ்படிவாக்கிய மேக்னடைட் துகள்களை ஜெல்லுக்குள் கலந்தால், காந்தத்தை அருகே கொண்டுபோகும்போது அது வளையும். இதில் குளிர்ப்பு எதுவும் கிடைக்காது. ஆனால் மாதிரி கெட்டால் மறுநாளே திரும்பச் செய்யலாம்.

ஜெல்லை எடுப்பவர்களுக்கு ஒரு கைப்பக்குவம்: பாலிவினைல் ஆல்கஹால் பொடியைக் கொதிநீரில் கொட்டாதீர்கள், கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். குளிர்ந்த நீரில் தூவிக் கலக்கிவிட்டு, பிறகு மெல்லச் சூடேற்றி 90 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். போராக்ஸைத் தொடும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.