இரண்டடித் தொட்டியில் யாரோடு யார்? கப்பி, டெட்ரா, பைட்டர், தங்கமீன்

மீன்தொட்டி வாங்கக் கிளம்பும் முன் வீட்டுத் தண்ணீரில் ஒரு துண்டைத் துவைத்துப் பாருங்கள். சோப்பு பொங்கி நுரைத்து, அலசி மாளவில்லை என்றால் உங்களுடையது மென்தண்ணீர். நுரை வராமல் திரிந்து போய், காய்ந்த வாளியில் வெள்ளையாக உப்பு படிந்தால் கடினத் தண்ணீர். குமரி மாவட்டத்தில் எந்த மீன் வாங்கலாம் என்பதில் பாதி முடிவு அந்தத் துண்டிலேயே தெரிந்துவிடும். மீதிப் பாதி மீன்களின் குணம். நிறமும் வாலும் அதற்கப்புறம்தான்.

எனக்கு இது புரிந்தது மூன்று வீட்டுத் தொட்டிகளைப் பார்த்து. நாகர்கோவிலில் என் வீடு, முக்கடல் அணையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர். குலசேகரத்தில் அக்கா வீடு, ரப்பர் தோட்டத்து ஓரம், வெட்டுக்கல் நிலத்தில் தோண்டிய கிணறு. அஞ்சுகிராமத்தில் சித்தப்பா வீடு, போர் போட்டு எடுக்கும் நிலத்தடித் தண்ணீர். காலையில் ஒரு வீட்டில் டீ குடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு இன்னொரு வீட்டுக்குப் போய்விடலாம், அவ்வளவுதான் தூரம். ஆனால் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய கப்பிகள் சித்தப்பா வீட்டில் பெருகின. அக்கா வீட்டில் வால் சுருங்கி, ஒரு மாதத்துக்குள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன.

"எடே, எங்க வெள்ளத்துல என்னமோ கெடக்குடே" என்றாள் அக்கா. வெள்ளம் என்றால் எங்கள் பேச்சில் தண்ணீர். அதில் எதுவும் கிடக்காததுதான் சிக்கல். வெட்டுக்கல் மண்ணில் ஊறும் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து பொதுவாகக் குறைவு. புளிப்புப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தும் இருக்கும். குடிக்க அருமை. கப்பிக்கு ஆகாது.

இங்கே சொல்வதெல்லாம் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டிக்கு. கணக்குப்படி 56 லிட்டர். கல்லும் மணலும் போட்டு, மேலே கொஞ்சம் இடம் விட்டால் 45 லிட்டர் மிஞ்சும். இதைவிடச் சிறியது வாங்கினால் பராமரிப்பு எளிது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் தண்ணீர் குறையக் குறைய அழுக்கு சீக்கிரம் ஏறும், சூடும் சட்டென்று ஏறி இறங்கும். புதிதாக ஆரம்பிப்பவர் செய்யும் தவறுகளைக் கொஞ்சமாவது பொறுத்துக்கொள்வது பெரிய தொட்டிதான்.

தங்கமீனை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் எல்லாரும் முதலில் வாங்குவது அதைத்தான். நானும் அப்படித்தான். என் முதல் தொட்டியில் இரண்டு தங்கமீன், நான்கு டைகர் பார்ப், ஓர் ஏஞ்சல், அழுக்கைத் தின்னும் என்று சொல்லி ஒரு சக்கர். "எல்லாம் ஒத்துப் போவும், ஒண்ணும் செய்யாது" என்றார் கடைக்காரர். பத்தாம் நாள் ஏஞ்சலின் நீண்ட செட்டைகள் நூல் நூலாகத் தொங்கின. பார்ப் நான்கும் முறை வைத்துக் கடித்திருந்தன. தங்கமீன்கள் தண்ணீரின் மேற்பரப்பில் வாய் பிளந்து நின்றன. சக்கர் மட்டும் செழிப்பாக இருந்தது.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, நானும் எதையும் கேட்கவில்லை. தங்கமீன் குளிர்நீர்க்காரன். இருபது டிகிரியை ஒட்டிய தண்ணீர் அதற்குச் சுகம். நம்மூர் அறைக்குள் தொட்டி நீர் கோடையில் முப்பதைத் தொடும். சூடான நீரில் ஆக்சிஜனும் குறைவாகவே கரையும். கூடவே, உருண்டை வயிற்றுத் தங்கமீனே கைமுழம் நீளத்தில் பாதியை நெருங்கும். வால் ஒற்றையாக உள்ள சாதாரணத் தங்கமீன் ஓரடி வரை போகக்கூடியது. தின்பதும் கழிப்பதும் அதற்கேற்ப. வீட்டுக்கு வெளியே பெரிய சிமெண்டுத் தொட்டியும் நிழலும் இருந்தால் வளர்க்கலாம். இரண்டடிக் கண்ணாடிக்குள் வேண்டாம். எந்தத் தண்ணீருக்காரர் ஆனாலும் இதே பதில்தான்.

மிஞ்சுவது மூன்று அணி.

கப்பி அணி

கப்பி கடினத் தண்ணீர்ப் பிரியன். டிரினிடாடும் வெனிசுலாவும் அதன் பூர்வீகம். டிரினிடாடிலிருந்து இந்த மீனை லண்டனுக்கு அனுப்பிவைத்த கப்பி என்ற மனிதரின் பெயரே 1866-இல் மீனுக்கும் ஒட்டிக்கொண்டது. நம் ஊரிலோ கொசுப்புழு தின்னட்டும் என்று கிணற்றிலும் தொட்டியிலும் விட்டு விட்டு, இது இந்த ஊர் மீன்தான் என்று நினைக்கும் அளவுக்குப் பழகிவிட்டது.

அஞ்சுகிராமம் பக்கத்து போர் தண்ணீருக்கு இதைவிடச் சுலபமான மீன் இல்லை. பிளாட்டியும் இதே ரகம், கப்பியோடு சண்டையில்லாமல் போகும். மோலி இன்னும் ஒரு படி மேலே, லேசான உப்புநீரையும் தாங்கும். ஆனால் விரல் நீளத்துக்கு வளர்வதால் இந்தத் தொட்டிக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். மென்தண்ணீரில் மோலியை விட்டால் இருந்த இடத்திலேயே உடலை நெளித்து நெளித்து ஆடிக்கொண்டிருக்கும். நோய் என்று மருந்து ஊற்றுவார்கள். தண்ணீர்தான் காரணம்.

கப்பியின் தொல்லை அதன் குடும்ப விருத்தி. நாலு வாரத்துக்கு ஒருமுறை பெண் மீன் குஞ்சு போடும். ஒரே ஈட்டில் இருபது முப்பது சாதாரணம். ஆணைப் பிரித்து எடுத்தாலும் பயனில்லை, உள்ளே சேமித்து வைத்த விந்தை வைத்தே சில மாதங்களுக்கு ஈன்றுகொண்டே இருக்கும். அதனால் கணக்கு இரண்டே வழி. ஆண்கள் மட்டும் ஆறு அல்லது ஏழு: நிறமெல்லாம் ஆணுக்குத்தான், பெருக்கமும் இல்லை. அல்லது இரண்டு ஆணுக்கு ஐந்து பெண்: துரத்தல் ஒரே பெண் மேல் விழாமல் பரவும். ஜோடி ஜோடியாக வாங்கினால் ஆண் விடாமல் துரத்தி, பெண் நொந்துபோகும். கடையில் ஜோடியாகத்தான் கொடுப்பார்கள். நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

டெட்ரா அணி

குலசேகரம், திற்பரப்பு, அருமனை பக்கத்துக் கிணற்று நீர் இருப்பவர்களுக்கு என் ஓட்டு டெட்ராவுக்கு. தென் அமெரிக்க ஆறுகளின் மென்மையான, புளிப்புச் சாய்வான நீரில் பிறந்த கூட்டம் இது. சோப்பு நுரை அடங்காத உங்கள் கிணறு அதற்குச் சொந்த ஊர் மாதிரி.

ஆனால் எந்த டெட்ரா என்பதில் ஆரம்பக்காரர் தடுக்கி விழுவார். கடையில் கண்ணைப் பறிப்பது நியான். நீலக்கோடும் சிவப்புக்கோடுமாக விளக்கு வெளிச்சத்தில் மின்னும். புதுத் தொட்டியில் முதலில் சாவதும் அதுதான். சற்றுக் குளிர்ந்த நீரை விரும்பும் மீன் என்பதால் ஏப்ரல், மே மாதங்களில் இன்னும் வாடும். அதே நிறமுள்ள கார்டினல் டெட்ரா சூட்டைக் கூடுதலாகத் தாங்கும், விலைதான் கூட. முதல் முயற்சிக்கு விடோ டெட்ரா போதும். கறுப்பும் சாம்பலுமாக எளிமையான தோற்றம், அடிபட்டாலும் எழுந்துவிடும். ஆறு வாங்குங்கள். இரண்டு மூன்றாக விட்டால் ஒன்றையொன்று கடித்து, பக்கத்து மீன் வாலையும் கடிக்கும். ஆறாவது இருந்தால் சண்டை தங்களுக்குள்ளேயே முடிந்துவிடும். இதே விடோ ரோஜா நிறத்திலும் பச்சையிலும் நீலத்திலும் கிடைக்கும். அதில் பலவும் சாயம் ஏற்றியவை, மீனுக்கு வதை, நாளாக ஆக வெளுத்தும் போகும். பிள்ளைகள் அடம்பிடித்தாலும் தவிர்த்துவிடுங்கள்.

கூட்டாளியாக ஜீப்ராவைச் சேர்க்கலாம். நம் ஆற்றுக் கெண்டையின் தூரத்துச் சொந்தம், எந்தத் தண்ணீரிலும் தாக்குப் பிடிக்கும். ஆனால் இருக்கும் இடத்தில் இருக்காது. மூடி இல்லாவிட்டால் காலையில் தரையில் கிடக்கும். அடித்தளத்துக்கு நான்கைந்து கோரி. அது மீசையால் மண்ணைத் துழாவித் தின்னும் மீன், கூரான கல் போட்டால் மீசை தேய்ந்துவிடும். கழுவிய ஆற்று மணல் போடுங்கள். கன்னியாகுமரியில் பாக்கெட் போட்டு விற்கிறார்களே பல நிற மணல், அது ஷோகேஸுக்கு. கடல் மணலில் கிளிஞ்சல் தூள் கலந்திருக்கும், தண்ணீரைக் கடினமாக்கிக்கொண்டே போகும்.

அந்தக் கிளிஞ்சலே அக்காவுக்குக் கைகொடுத்ததையும் சொல்ல வேண்டும். அவள் மகளுக்குக் கப்பிதான் வேண்டுமாம். சரி, சிப்பிக் குழம்பு வைத்து மிஞ்சிய ஓடுகளை அவித்து, வெயிலில் காய வைத்து, உடைத்து, ஒரு கைப்பிடி வலைப்பையில் கட்டி பில்டர் பக்கத்தில் போடச் சொன்னேன். புளிப்பு நீரில் ஓடு மெல்ல மெல்லக் கரைந்து சுண்ணாம்பைக் கொடுக்கும். இரண்டாவது முறை வாங்கிய கப்பிகள் நின்றன. ஆனால் தண்ணீர் மாற்றும்போதெல்லாம் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். மொத்தமாக மாற்றினால் மறுபடி மென்தண்ணீர்தான். சோம்பேறிகளுக்கு டெட்ராவே மேல். நான் சோம்பேறி.

ஒற்றைப் பைட்டர்

நாகர்கோவில் குழாய்த் தண்ணீர் மென்மைப் பக்கம் சாய்ந்தது, எனக்கு டெட்ராவும் ஆகும், பைட்டரும் ஆகும். பைட்டர் தண்ணீர் விஷயத்தில் அதிகம் முரண்டு பிடிக்காது. சூடும் அதற்குப் பிடிக்கும். 24 முதல் 28 டிகிரி வரை நன்றாக இருக்கும், அதனால் இங்கே ஹீட்டர் செலவே இல்லை. செவுளோடு கூட தலைக்குள் இன்னொரு மூச்சு உறுப்பும் இருப்பதால் மேலே வந்து காற்றைக் குடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் மணிக்கணக்காகக் கரண்ட் போகும்போது டெட்ரா வைத்திருப்பவர் பதறுவார், பைட்டர்காரர் தூங்குவார்.

கடையில் பிளாஸ்டிக் கப்பில் வைத்திருப்பதைப் பார்த்து, கப் போதும் என்று முடிவு கட்டாதீர்கள். பதினைந்து இருபது லிட்டராவது கொடுத்தால்தான் அது நீந்துவதைப் பார்க்க முடியும். உதிர்ந்து காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றைக் கழுவிப் போட்டால் தண்ணீர் டீ நிறமாகும், பைட்டருக்கு அது இதம்.

இரண்டடித் தொட்டியில் துணை சேர்ப்பதானால் கோரி, நத்தை, ஏற்கெனவே பழகிய கார்டினல் கூட்டம். ஆண் கப்பி கூடாது, அதன் விசிறி வாலைப் பார்த்து இன்னொரு பைட்டர் என்று பாய்ந்துவிடும். விடோவும் டைகர் பார்ப்பும் நேர்மாறு, அவை பைட்டரின் வாலைப் பிய்க்கும். இரண்டு ஆண் பைட்டர் என்பதைப் பேசவே வேண்டாம்.

என் கணக்கில் ஆளைப் பொறுத்துத்தான் வெற்றி. தினமும் குஞ்சு தேடும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு, தண்ணீரும் ஒத்துவந்தால், கப்பி. கூட்டமாக ஓடுவதைச் சாயங்காலம் உட்கார்ந்து பார்க்க விரும்புகிறவருக்கு டெட்ரா. வேலைக்குப் போய் இரவில் திரும்பும் தனிக்கட்டைக்குப் பைட்டர், அது முகம் பார்த்து ஓடி வரும்.

ஏஞ்சலைக் கேட்பீர்கள். அழகுதான். வளர்ந்தபின் உள்ளங்கை அகலம், நியான் அதன் வாய்க்கு அளவான பலகாரம். மூன்றடித் தொட்டி வரும்போது பார்க்கலாம். டைகர் பார்ப் வேண்டுமென்றால் அதை மட்டும் எட்டு விடுங்கள், வேறு எதுவும் வேண்டாம். சக்கர் எந்தக் கணக்கிலும் வராது. ஓரடிக்கு மேல் வளரும், அழுக்கைத் தின்பதைவிட அழுக்காக்குவதே அதிகம். வளர்ந்தபின் குளத்தில் விட்டுவிடலாம் என்பார்கள், அதைச் செய்யவே செய்யாதீர்கள். முதுகெல்லாம் எலும்புத் தகடு, நம் பறவைகளுக்கும் மீன்களுக்கும் லேசில் இரையாகாது. கரையைக் குடைந்து பெருகும். சுசீந்திரம் தேரூர் குளங்கள் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியவை. அங்கே நாம் கொண்டு விட வேண்டிய மீன் எதுவும் இல்லை.

எந்த அணியாக இருந்தாலும் தொட்டி நிரப்பிய அன்றே மீன் விடக் கூடாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா ஸ்பாஞ்ச் பில்டரில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அவ்வளவு பொறுக்க முடியாதவர்கள், பழைய தொட்டி வைத்திருப்பவரிடம் அழுக்கான ஸ்பாஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதையும் சேர்த்து ஓடவிட்டு, மூன்று மீனோடு ஆரம்பிக்கலாம். குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் வாளியில் திறந்து வைத்து ஊற்றுங்கள். கலங்கல் வரும் மழை நாட்களில் குளோரின் வாடை தூக்கினால் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டும் விடுங்கள். வாரம் ஒருமுறை கால்பங்கு மட்டும் மாற்றினால் போதும்.

அஞ்சுகிராமத்தில் சித்தப்பா இப்போது கப்பிக் குஞ்சுகளுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். வாய் அகன்ற பாட்டில் கொண்டு வந்தால் போதும், காசு வேண்டாமாம். மேற்கே குலசேகரம் பக்கத்து மென்தண்ணீர் ஊர்களிலிருந்து வருகிறவர்கள் மட்டும் திரும்பும் வழியில் கொஞ்சம் சிப்பியும் வாங்கிப் போகவும்.