அகோனெக்ஸா, ஆட்டோடெஸ்க்கா, ஷேர்பாயின்ட்டா: வேலை முடிந்த பிறகு கோப்பு யார் கையில்?

போன வருடம் எங்கள் கம்பெனிக்கு ஒரு கழிவுநீர் பம்பிங் ஸ்டேஷன் வேலை கிடைத்தது. டாக்குமென்ட் கண்ட்ரோலை, அதாவது எந்த டிராயிங், எந்தக் கடிதம் யாருக்கு என்றைக்குப் போனது என்ற கணக்கை, எந்த மென்பொருளில் நடத்துவது என்று கிளையன்ட் ஒன்றும் சொல்லவில்லை. வளைகுடாவில் இது அபூர்வம். பெரிய வேலைகளில் ஒப்பந்தத்திலேயே பெயர் எழுதியிருக்கும், நாம் லாகின் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். இந்த முறை மெயின் கான்ட்ராக்டர் நாங்களே என்பதால் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பதினான்கு வருடமாக டாக்குமென்ட் கண்ட்ரோலராக இருக்கிறேன். அடுத்தவர் வாங்கிப் போட்டதைத் திட்டித்தான் பழக்கம்.

மூன்று பெயர்கள் மேஜைக்கு வந்தன. ஆபீஸ் சந்தாவோடு ஏற்கெனவே வந்து கிடக்கும் ஷேர்பாயின்ட், பிம் குழு (கட்டடத்தைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாடலாக வரைபவர்கள்) கேட்ட ஆட்டோடெஸ்க் டாக்ஸ், நான் கேட்ட அகோனெக்ஸ். புரோக்கோர் என்ற இன்னொரு மென்பொருளில் நான் வேலை செய்ததில்லை. டெமோ பார்த்ததை வைத்து எழுதுவது சரியில்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

ஃபைல் ஏற்றுவது, தேடுவது, போனில் திறப்பது, பிடிஎஃப்பில் கமென்ட் எழுதுவது எல்லாம் மூன்றிலும் நடக்கும். விற்க வருபவர்கள் முக்கால்வாசி நேரம் இதைத்தான் காட்டுகிறார்கள். நான் பார்த்தது வேறு ஒன்றை. அதற்குக் காரணம் ஒரு பழைய ஸ்லாப்.

சில வருடங்களுக்கு முன் வேறொரு கம்பெனியில், ஏசி-பிளம்பிங் வேலை எடுத்த சப் கான்ட்ராக்டர் பக்கம் இருந்தேன். ஒரு மாடியில் ஸ்லீவ் (குழாய் போக ஸ்லாப்பில் விடும் துளை) டிராயிங் ரிவிஷன் 01-ஐ வைத்துக் கான்கிரீட் போட்டாகிவிட்டது. ரிவிஷன் 02-ல் பதினொரு ஸ்லீவ் இடம் மாறியிருந்தது. இறுகிய கான்கிரீட்டில் புதிதாகத் துளை போட்ட (கோர் கட்டிங்) செலவை மெயின் கான்ட்ராக்டர் எங்கள் பில்லில் கழித்தார். கான்கிரீட் போட்ட பிறகுதான் 02 வந்தது என்பது எங்கள் பக்கம். நான்கு நாள் முன்பே சிஸ்டத்தில் ஏற்றியாயிற்று என்பது அவர் பக்கம். சிஸ்டம் அவருடையது. கணக்கு முடிக்க உட்கார்ந்தபோது வேலை முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது, எங்கள் லாகின்கள் எல்லாம் மூடப்பட்டிருந்தன. எங்களிடம் பிடிஎஃப் இருந்தது. ஆனால் டிராயிங் ஓரத்தில் இருக்கும் தலைப்புக் கட்டத்தில் (டைட்டில் பிளாக்) இருப்பது டிராயிங் வரைந்த தேதி, நம் கைக்கு வந்த தேதி அல்ல. பணத்தை விட்டுக்கொடுத்துவிட்டு வந்தோம்.

அன்றிலிருந்து வெறும் பிடிஎஃப்பை நான் டாக்குமென்ட் என்று எண்ணுவதில்லை. எந்த ட்ரான்ஸ்மிட்டலில் (டிராயிங்கை முறைப்படி அனுப்பும் சீட்டு) போனது, என்றைக்கு, யாருக்கு, டிராயிங்கைச் சரிபார்க்கும் கன்சல்டன்ட் ஏ (ஒப்புதல்) போட்டாரா பி (கமென்ட்டோடு ஒப்புதல்) போட்டாரா, பி என்றால் என்ன கமென்ட், சி (திருத்தித் திரும்ப அனுப்பு) போட்டுத் திருப்பியது எத்தனையாவது நாளில் என்று இந்த வால் முழுதும் கூடவே வர வேண்டும். எங்கள் பக்கம் இன்னும் பரவலாகப் புழங்கும் 1999 ஃபிடிக் சிவப்புப் புத்தகத்தில் (கட்டுமான ஒப்பந்தங்களுக்கான சர்வதேச மாதிரி) 20.1-ஆம் பிரிவு, விஷயம் தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 28 நாளுக்குள், கூடுதல் பணமோ நாளோ கேட்கும் க்ளைம் நோட்டீஸ் கொடுக்கச் சொல்கிறது. அந்த 28-ஐ எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் சண்டையே. கட்டடத்தின் உறுதி விஷயத்தில் 10 ஆண்டுப் பொறுப்பு வேறு இருக்கிறது. அத்தனை காலம் யாரும் மென்பொருளுக்குச் சந்தா கட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

எனவே சோதனையைத் தலைகீழாக வைத்தேன். மூன்றிலும் 40 டிராயிங், ஒவ்வொன்றுக்கும் மூன்று ரிவிஷன், பத்து ட்ரான்ஸ்மிட்டல் போட்டோம். பிறகு விற்பவரிடம், “சார், ப்ராஜெக்ட் இன்றோடு முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பங்கை ஒரு ஹார்ட் டிஸ்கில் கொடுங்கள், இன்டர்நெட்டை அணைத்துவிட்டுத் திறந்து பார்க்கிறேன்” என்றேன்.

ஷேர்பாயின்ட்டை விற்க யாரும் வரவில்லை, எங்கள் ஐடி பையன்தான். அதில் வெர்ஷன் ஹிஸ்டரி உண்டு, எக்ஸெல் மாதிரி காலம் (column) போட்டு டிராயிங் நம்பர், ரிவிஷன், ஸ்டேட்டஸ் எல்லாம் கட்டாயமாக்கலாம். ஆனால் ஃபோல்டரை இறக்கினால் கடைசி வெர்ஷன் மட்டும் வரும். ட்ரான்ஸ்மிட்டல் என்ற ஒன்று அதில் பிறவியிலேயே கிடையாது, வேலைகளைத் தானாக ஓட்டும் பவர் ஆட்டோமேட்டில் நாமே கட்ட வேண்டும். கட்டிவிடலாம்தான். கட்டியவர் வேறு கம்பெனிக்குப் போன பிறகு அது ஏன் ஓடவில்லை என்று யாருக்கும் தெரியாது. டெலீட் செய்தது ரீசைக்கிள் பின்னில் 93 நாள் இருக்கும், அதற்குள் கவனித்தால் பிழைத்தோம். இன்னொரு சில்லறைத் தொல்லையும் உண்டு. ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போட்டு, அதன்மேல் நீளமான டிராயிங் நம்பரையும் தலைப்பையும் ஃபைல் பெயராக வைத்தால், பாதை 400 எழுத்தைத் தாண்டியதும் ஏற்ற மறுக்கும்.

இவ்வளவு சொன்னாலும், பத்துப் பேர் வேலை செய்யும் சின்ன வில்லா வேலைக்கு நான் ஷேர்பாயின்ட்டையே எடுப்பேன். ஒழுங்கான ஒரு எக்ஸெல் ரிஜிஸ்டரும் விடாப்பிடியான ஒரு ஆளும் இருந்தால் போதும்.

ஆட்டோடெஸ்க் டாக்ஸ் பார்க்க அழகு, அதில் சந்தேகமே இல்லை. மாடலைத் திறந்து சுழற்றலாம், இரண்டு வெர்ஷனை ஒன்றன்மேல் ஒன்று வைத்து எங்கே மாறியது என்று பார்க்கலாம். பிம் பிள்ளைகள் அதை விட்டு வெளியே வர மாட்டார்கள். பிம் தகவலை நிர்வகிப்பதற்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 19650 கேட்கும் ஃபைல் பெயர் ஒழுங்கை அதிலேயே அமைத்துவிடலாம், தப்பான பெயரில் ஏற்றினால் ஒதுக்கி நிறுத்தும். ட்ரான்ஸ்மிட்டலும் இருக்கிறது.

எனக்கு இடித்தது இரண்டு இடத்தில். ஒன்று, வெர்ஷன் நம்பர். அதே பெயரில் ஃபைல் ஏற்றினால் அது தானாக வி1, வி2 என்று எண்ணும். நம் ரிவிஷன் 00-இல் தொடங்கும். ஆக 00 என்பது வி1. அன்று மாலையே யாரோ சீல் விட்டுப்போயிற்று என்று திரும்ப ஏற்றினால் அது வி2. அடுத்த வாரம் வரும் ரிவிஷன் 01 இப்போது வி3. ரிவிஷனைத் தனிக் காலமாகக் காட்டலாம், காட்டவும் செய்தோம். இருந்தாலும் சைட் ஃபோர்மேன் போனில் பார்ப்பது பெரிதாகத் தெரியும் அந்த வி3-ஐத்தான். “சார், மூணாவது ரிவிஷன் வந்திருச்சா?” என்று சோதனை நடந்த ஒரே வாரத்தில் இரண்டு முறை போன்.

இரண்டாவதுதான் பெரியது. ப்ராஜெக்ட் ஒரு கம்பெனியின் கணக்குக்குள் இருக்கிறது. மற்றவர்கள் விருந்தாளிகள், கணக்குக்காரர் நீக்கினால் வெளியே போக வேண்டியதுதான். இரண்டு கணக்குகளுக்கு இடையே பாலம் போட்டு ஃபைலைப் பகிரும் வசதி உண்டு, ஆனால் அதைப் போட இரண்டு பக்கமும் மனசு வைக்க வேண்டும். இந்த வேலையில் கணக்கு எங்களுடையதாக இருக்கும் என்பதால் எங்களுக்கு நஷ்டமில்லை, லாபம்தான். பழைய ஸ்லாப் ஞாபகம் இருப்பதால் அந்த லாபம் எனக்கு உறுத்தியது. அதோடு கன்சல்டன்ட்டும் இதே கேள்வியைக் கேட்டார்: “உங்க கணக்குல இருக்கிற ரெக்கார்டை நான் எப்படி நம்புறது?” நியாயமான கேள்வி.

அகோனெக்ஸ் மெல்போர்னில் 2000-இல் தொடங்கியது, 2018-இல் ஆரக்கிள் கைக்குப் போனது. வளைகுடாவில் பழைய ஆட்களுக்கு அது ஒரு வினைச்சொல் மாதிரி. “அகோனெக்ஸ் பண்ணிட்டியா?” என்றால் முறைப்படி அனுப்பிவிட்டாயா என்று அர்த்தம். திரை கொஞ்சம் பழைய காலத்து முகம். டிராயிங் ஒன்றை ரிஜிஸ்டர் செய்ய நிரப்ப வேண்டிய கட்டங்களைப் பார்த்துப் புதிய இன்ஜினியர்கள் முணுமுணுப்பார்கள்.

ஆனால் அதன் அடித்தளமே வேறு. ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித் தனி ரிஜிஸ்டர், தனி மெயில் பெட்டி. நான் உங்களுக்கு ட்ரான்ஸ்மிட் செய்த டிராயிங் உங்கள் ரிஜிஸ்டரில் போய் உட்கார்ந்துவிட்டால், பிறகு நான் நினைத்தாலும் பிடுங்க முடியாது. ரிஜிஸ்டர் செய்ததை அழிக்க முடியாது, புதியது வந்தால் பழையது சூப்பர்சீட் (காலாவதி) ஆகும், அவ்வளவுதான். ரிவிஷன் என்பது நாம் எழுதுவது, மென்பொருள் எண்ணுவதல்ல. அனுப்பிய மெயிலைத் திருத்தவும் முடியாது. ராத்திரி பதினொரு மணிக்குக் கோபத்தில் கன்சல்டன்ட்டுக்கு ஒரு வரி எழுதிவிட்டு, காலையில் என் மேஜைக்கு வந்து “அண்ணே, இதை எப்படியாவது எடுத்துடுங்க” என்று நின்ற இன்ஜினியர்களை நான் பார்த்திருக்கிறேன். எடுக்க முடியாது தம்பி, அதற்காகத்தான் அதை வாங்குகிறார்கள்.

என் ஹார்ட் டிஸ்க் சோதனையில் அகோனெக்ஸ் கொடுத்த தொகுப்பில் மூன்று ரிவிஷனும் இருந்தன, ட்ரான்ஸ்மிட்டலும் மெயிலும் தேதியோடு இருந்தன. இன்டர்நெட் இல்லாமல் தேட முடிந்தது. ஆட்டோடெஸ்க்கிலும் இவையெல்லாம் எடுக்கலாம், ஆனால் ஃபைல் ஒரு பக்கம், ட்ரான்ஸ்மிட்டல் ரிப்போர்ட் ஒரு பக்கம், பழைய வெர்ஷன் தனியாக என்று சேகரித்து நாமே கோக்க வேண்டியிருந்தது. 40 டிராயிங்குக்கு இது எனக்கு அரை நாள் வேலை. ஒன்று சொல்ல வேண்டும், நாற்பது என்பது விளையாட்டு அளவு. எங்கள் ப்ராஜெக்ட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகு வரும் தொகுப்பை ஒரே ஒரு முறை, பழைய வேலையில் வாங்கிக்கொண்ட பக்கமிருந்து பார்த்திருக்கிறேன். அது திறந்தது, தேடவும் முடிந்தது.

அகோனெக்ஸின் விலையைக் கேட்டதும் எங்கள் கமர்ஷியல் மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். மூன்றில் அதுதான் அதிகம். ஆனால் ஆட்டோடெஸ்க்கில் எங்களுக்கு வந்தது ஆளுக்கு இவ்வளவு என்ற கணக்கு, அகோனெக்ஸில் ப்ராஜெக்டுக்கு இவ்வளவு. ஒன்பது சப் கான்ட்ராக்டர், கன்சல்டன்ட், கிளையன்ட் எல்லோருக்கும் லாகின் கொடுத்துப் பார்த்தபோது வித்தியாசம் பாதியாகக் குறைந்தது. பேசிப் பேசிக் கடைசியில் அதற்கே கையெழுத்துப் போட்டார். மாடல் வேலை ஆட்டோடெஸ்க்கிலேயே நடக்கிறது, பிம் குழுவோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. அங்கே முடிந்ததும் பிடிஎஃப்பாக இங்கே வருகிறது. இரண்டு இடத்தில் ஏற்றும் வேலை கூடியது உண்மை, என் கூட இருக்கும் பையன் தினமும் சொல்லிக்காட்டுகிறான்.

ஒப்பந்தத்தில் நான் வற்புறுத்திச் சேர்த்தது ஒரே ஒரு வரி: முடிவில் தரும் தொகுப்பின் செலவு இந்த விலையிலேயே அடக்கம், சப் கான்ட்ராக்டர்களுக்குத் தருவதும் சேர்த்து. விற்பவர் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு சரி என்றார்.