எச்.ஆர்.டி. கார்ப் பயிற்சி நிதி: விண்ணப்பிக்கும் முன் விதிகளைப் படியுங்கள்

மலேசியாவில் பணியாளர் பயிற்சிக்கு நிதி தரும் எச்.ஆர்.டி. கார்ப் சேவை, சிறு நிறுவனம் ஒன்றின் கணக்குகளைக் கவனித்துவரும் என் பார்வையில், நன்றாகப் பயன்படக்கூடியது. ஆனால் விதிகளை முழுமையாகப் படித்தவர்களுக்கே அது பயன்படும்.

2001ஆம் ஆண்டு மனிதவள மேம்பாட்டு (பி.எஸ்.எம்.பி.) சட்டத்தின் கீழ் வரும் துறைகளில், 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியக் குடிமக்களை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகள், அவர்களின் அடிப்படைச் சம்பளத்திலும் நிலையான படிகளிலும் 1 விழுக்காட்டை மாதந்தோறும் லெவி எனும் பங்களிப்பாக எச்.ஆர்.டி. கார்ப்புக்குச் செலுத்த வேண்டும். 5 முதல் 9 பேர் வரை உள்ள நிறுவனங்கள் விரும்பினால் 0.5 விழுக்காடு செலுத்திச் சேரலாம். இத்தொகையைத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடிக்கக் கூடாது என்பதே இவ்விதிகளில் நான் மிகவும் மதிப்பது.

பயிற்சி தொடங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்ற விதியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பயிற்சியாளர் ஒருவர் “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று கூறியதை நம்பிய எங்களுக்கு அந்தச் செலவு திரும்பக் கிடைக்கவே இல்லை. முன்பு எஸ்.பி.எல். காஸ் எனப்பட்ட, இப்போது ‘எச்.ஆர்.டி. கார்ப் கிளெய்மபிள் கோர்சஸ்’ எனப்படும் திட்டத்தில் பயிற்சிக் கட்டணம், நிறுவனம் செலுத்திய லெவி சேரும் கணக்கிலிருந்து பயிற்சி வழங்குநருக்கே நேரடியாகச் செல்வதால், கையில் பணம் குறைந்த நிறுவனங்களுக்கு அதையே பரிந்துரைக்கிறேன்.

அயல்நாட்டுத் தொழிலாளர்களுக்கு இந்நிதி பொருந்தாது. ஆபத்தான இயந்திரங்களுக்கு அருகில் நிற்பவர்களில் பலர் அவர்களே என்பதால், பாதுகாப்புப் பயிற்சிக்கேனும் இவ்வரம்பைத் தளர்த்த வேண்டும் என்று விரும்புகிறேன்.