கொண்டோ தண்ணீர்க் குழாய்க்கு பிரஷர் சென்சார்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

பினாங்குத் தீவில் அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்குத் தண்ணீர்த் தொல்லை இரண்டு வழியில் வரும். ஒன்று வெளியிலிருந்து. 2024 ஜனவரியில் சுங்கை டுவா தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசிந்த வால்வுகளை மாற்றுவதற்காக நாட்கணக்கில் தண்ணீரை நிறுத்தினார்களே, அந்த வகை. இன்னொன்று கட்டடத்துக்குள்ளேயே பிறப்பது. ஆயர் ஈத்தாமில் உள்ள எங்கள் கொண்டோவில் பிரஷர் சென்சார் போட்டது இந்த இரண்டாவது வகைக்காக. நிர்வாகக் குழுவில் பராமரிப்பு என் பொறுப்பு. பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி இன்ஸ்ட்ருமென்ட் வேலை பார்ப்பதால் இது தானாகவே என் தலையில் விழுந்தது.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்சார் நல்ல சாமான், தாராளமாக வாங்கலாம். அதனோடு வரும் மென்பொருள் திரையில் காட்டும் வரைபடக் கோட்டை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அந்தக் கோட்டில் தண்ணீர் சொல்வது எது, வயர் சொல்வது எது என்று பிரிக்கத் தெரிந்த பிறகுதான் போட்ட காசுக்குப் பலன் கிடைத்தது.

பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். இருபது மாடிக் கட்டடத்தில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நேராக இறக்கினால் கீழ் வீடுகளில் ஆறு பார் நிற்கும், ஹீட்டர் ஹோஸ் பிய்த்துக்கொண்டு போகும். மேல் வீடுகளிலோ அரை பார் கூடத் தேறாது. அதனால் கீழே பிரஷரைக் குறைக்க வால்வு, மேலே கூட்ட பூஸ்டர் பம்ப். இந்த இரண்டு இடத்திலும், தண்ணீரை மேலே ஏற்றும் பெரிய பம்ப்பின் குழாயிலும் சென்சார் வைத்தோம். மொட்டைமாடித் தொட்டிக்கும் தீயணைப்புத் தொட்டிக்கும் தண்ணீருக்குள் இறங்கி மட்டம் காட்டும் வகை. எல்லாம் 4–20 மில்லியாம்ப், அதாவது அளவு கூடக் கூட வயரில் 4 முதல் 20 மில்லியாம்ப் வரை மின்சாரம் அனுப்பும் வகை. பெரிய பம்ப்பில் ஓடும்போது ஏழு பார்தானே, 0–10 பார் வரை அளக்கும் சென்சார் போதும் என்றார் விற்க வந்தவர். 0–16 கேட்டு வாங்கினேன். ஏன் என்று பின்னால் வருகிறது.

பொருத்திய வாரத்திலேயே குழுவில் இருக்கும் பெரியவர் ஒருவர் போன் செய்தார். "தம்பி, ஸ்கிரீன்ல மைனஸ் நாலு பார்னு காட்டுது. தண்ணி ரிவர்ஸ்ல போகுதா?"

போகவில்லை. வயர் கழன்றிருந்தது. பூஜ்ய அழுத்தத்துக்கு 4 மில்லியாம்ப் வர வேண்டும் என்று வைத்திருப்பதே இதற்காகத்தான்: அழுத்தம் இல்லை என்றால் 4, வயரே இல்லை என்றால் 0. எங்கள் மென்பொருள் அந்த 0-வையும் கணக்கில் போட்டு மைனஸ் 4 பார் என்று கோடு கிழித்துவிட்டது. முழு வெற்றிடமே மைனஸ் 1 பார்தான், அதற்குக் கீழே உலகத்தில் எதுவும் இல்லை! 3.6 மில்லியாம்புக்குக் கீழே போனால் 'சென்சார் பழுது' என்று காட்டும்படி மாற்றச் சொன்னோம், மாற்றிக் கொடுத்தார்கள். அப்புறம் கடிகாரம். சென்சார் அளவுகளைப் படித்து மென்பொருளுக்கு அனுப்பும் பெட்டி உலக நேரத்தில் (UTC) பதிவு செய்ததால், கட்டடமே காலை ஏழு மணிக்குக் குளிப்பது முதல் நாள் இரவு பதினொன்றில் தெரிந்தது. இது சின்ன விஷயம், ஒரு செட்டிங்கில் தீர்ந்தது.

பெரிய விஷயம் சராசரி. இரவில் குழாய்ப் பக்கம் 'டமார்' என்று சத்தம் வருவதாக நடு மாடிகளிலிருந்து ரொம்ப நாளாகப் புகார். மென்பொருளில் பார்த்தால் பம்ப் ஓடும்போது ஏழரை, நின்றால் ஆறரை, வழவழவென்று ஒரு கோடு. குறையே தெரியாது. நிறுவனத்துக்காரரும் அதைக் காட்டி "சிஸ்டம் ஓகே" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் பெட்டி விநாடிக்கு நூறு தடவை படிக்கிறது, மேலே அனுப்புவது நிமிடத்துக்கு ஒரு சராசரி மட்டும். பம்ப் நின்றதும் மேலே ஏறிய தண்ணீர் திரும்பி வர, அதைத் தடுக்கும் வால்வின் கதவு தாமதமாக அறைந்து சாத்தும். ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால், இரும்புக் குழாயில் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்கே பத்து பாருக்கு மேல் எகிறும். அந்த அடி ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். அறுபது விநாடிச் சராசரியில் அது எங்கே தெரியப் போகிறது?

செட்டிங்கில் உள்ளே உள்ளே போனால் 'நிமிடத்தின் உச்சம், தாழ்வு' என்று ஒரு வசதி இருக்கிறது, தரும்போதே அணைத்து வைத்துத் தருகிறார்கள். அதைப் போட்ட அன்றிரவே, பம்ப் நிற்கும் ஒவ்வொரு முறையும் பன்னிரண்டு பாரைத் தாண்டிய முனைகள் வரிசையாக நின்றன. 0–10 சென்சார் வாங்கியிருந்தால் பத்தோடு வெட்டுப்பட்டு, உண்மையான அளவு தெரியாமலே போயிருக்கும். ஸ்பிரிங் வைத்த வால்வு மாற்றி, பம்ப் மெதுவாக நிற்கும்படி செய்த பிறகு ஒன்பதுக்கு மேல் போகவில்லை. சத்தமும் நின்றது.

எனக்கே வியப்பாக இருந்தது தீயணைப்புத் தொட்டி. அந்தத் தண்ணீரை யாரும் தொடுவதில்லை. ஆனால் மட்டம் தினமும் இரண்டு தடவை மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு ஏறி இறங்கியது. காலை பதினொரு மணி வாக்கில் ஒரு உச்சம், இரவு பதினொரு மணி வாக்கில் ஒரு உச்சம், நாள் தவறாமல். கசிவு என்றால் இறங்கும், திரும்ப ஏறாது. யாரோ எடுத்து ஊற்றுகிறார்கள் என்று செக்யூரிட்டியைக்கூட விசாரித்தார்கள், பாவம்.

நம் வெப்ப மண்டலத்தில் காற்றழுத்தமே தினமும் இரண்டு முறை மூன்று மில்லிபார் போல ஏறி இறங்கும். ஒரு மில்லிபார் என்பது ஒரு சென்டிமீட்டர் தண்ணீர். மட்டம் காட்டும் சென்சாரின் கேபிளுக்குள் ஒரு மெல்லிய காற்றுக் குழாய் இருக்கும். வெளிக்காற்று அதன் வழியாகச் சென்சாரின் பின்பக்கம் போய்ச் சேருவதால் காற்றழுத்தம் கணக்கிலிருந்து கழிந்துவிடும். அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் காற்றின் ஏற்ற இறக்கமும் தண்ணீர்க் கணக்கில் சேர்ந்துவிடும். மொட்டைமாடிப் பெட்டியைத் திறந்தேன். கேபிள் முனையில் ஈரம் உறிஞ்ச வைத்திருந்த சிலிக்கா ஜெல் நீலம் போய் முழுக்க ரோஸ் நிறம், குழாய் வாயில் தண்ணீர்ச் சொட்டு. துடைத்துக் காயவைத்து ஜெல்லை மாற்றியதும் கோடு நேராகிவிட்டது. நம் ஊர் ஈரத்துக்கு அந்த ஜெல் நாளாவட்டத்தில் தீர்ந்துதான் போகும். இதைப் பராமரிப்புப் பட்டியலில் யாரும் எழுதித் தருவதில்லை, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

பூஸ்டர் பம்ப் கதை சீக்கிரம் சொல்லிவிடலாம். மேல் மாடி ஆன்ட்டி ஒருவர், ஷவர் ஒரு நேரம் அடிக்கிறது, ஒரு நேரம் சொட்டுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கோடு ரம்பப் பல் போல ஏறி இறங்கியது. பம்ப்போடு இருக்கும், உள்ளே காற்று அடைத்த அழுத்தத் தொட்டியில் காற்று போய்விட்டால் பெரும்பாலும் இப்படி வரும். தண்ணீரை வடித்துவிட்டு, கார் டயருக்கு வைக்கும் கேஜையே அதன் காற்று வால்வில் வைத்துப் பார்க்கலாம். பம்ப் கிளம்பும் அழுத்தத்தைவிட 0.2 பார் குறைவாக இருக்க வேண்டும். எங்களுடையதில் காற்றே இல்லை. ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு, யாரும் குழாய் திறக்காத நேரத்தில் பம்ப் கிளம்பிக் கிளம்பி நின்றால் அது வேறு. எங்கோ ஒழுகுகிறது. முக்கால்வாசி யாராவது ஒரு வீட்டின் டாய்லெட் ஃப்ளஷ்தான்.

அலாரம் அளவுகளை நிறுவனம் தந்தபடி விடாமல், கட்டடம் புழங்கும் விதத்தைப் பார்த்து வையுங்கள். தீபாவளி விடியற்காலை நாலரை மணிக்கு எண்ணெய்க் குளியலுக்கு எல்லா வீட்டிலும் குழாய் திறந்ததும் 'குறைந்த அழுத்தம்' என்று குழுவில் எல்லார் போனும் அலறியது. மைக்கேல் அங்கிள், "தீபாவளி வாழ்த்துன்னு நினைச்சு எடுத்தேன்பா" என்றார்.

மின்னலுக்கு ஒரு மட்டச் சென்சார் போனது. மொட்டைமாடியிலிருந்து வரும் ஒவ்வொரு வயருக்கும், திடீர் மின் எகிறலைத் தடுக்கும் சர்ஜ் காப்பு அவசியம், அதில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். மற்றபடி சென்சார்கள் தொந்தரவு கொடுக்கவில்லை. பூஜ்யம் நகர்ந்திருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒரு முறை வால்வை மூடி அழுத்தத்தை இறக்கிப் பார்க்கிறோம், 0.05 பாருக்குள்தான் இருக்கிறது.

மென்பொருள் சந்தா இப்போது புதுப்பிக்க வந்திருக்கிறது. புதுத் திட்டத்தில் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட பதிவுகளைச் சராசரியாகச் சுருக்கி வைப்பார்களாம், மூலப் பதிவு வேண்டுமென்றால் தனிக் கட்டணம். ஒவ்வொரு வாரமும் உச்சம், தாழ்வோடு சி.எஸ்.வி. கோப்பாக எங்கள் கணினிக்கே இறக்கித் தர ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் புதுப்பிப்போம் என்று சொல்லியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.