‘த்ராங்’ நினைவில் நிற்க வளைய அட்டையா, ஆங்கியா?

டோக்கியோவின் நிஷிகசாயில் ஜப்பானியப் பெரியவர்களுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பலரும் எய்கென் என்னும் ஜப்பானிய ஆங்கிலத் திறன் தேர்வில் ஜுன்-இக்கியூ, அதாவது முதல் நிலைக்கு ஒரு படி கீழே உள்ள நிலைக்குப் படிப்பவர்கள். அந்த மட்டத்தில் பெருங்கூட்டத்தைக் குறிக்கும் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்: த்ராங் (throng), மாப் (mob), ஸ்வார்ம் (swarm), ஹோர்ட் (horde). இவற்றில் அதிகம் நழுவுவது த்ராங்தான். அதற்காகவே இரண்டு கருவிகளை நீண்ட நாளாகப் பயன்படுத்தி வருகிறோம்.

முதலாவது, ‘தங்கோ காடோ’ எனப்படும் வளைய அட்டை, அதாவது ஒரு வளையத்தில் கோத்த சிறு சொல்லட்டைகள். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் ஜப்பானியப் பொருள். நூறு யென் கடையிலேயே கிடைக்கும், ரயிலில் நின்றுகொண்டே புரட்டலாம். அந்த வசதிக்கு ஈடு கிடையாது.

ஆனால் த்ராங்குக்குப் பின்னால் ‘குன்ஷூ’ (கூட்டம்) என்று எழுதுகிறார்கள். கிரவுட் அட்டையிலும் அதே குன்ஷூ. அப்புறம் கொசுக்கூட்டத்துக்கும் த்ராங் போட்டு எழுதினால் அவர்களைக் குறை சொல்ல முடியுமா? மனிதர்கள் நெருக்கியடித்து ஓரிடத்தை நிறைப்பதுதான் த்ராங். கொசுவுக்கு ஸ்வார்ம், கோபத்தோடு திரள்பவர்களுக்கு மாப்.

அட்டையில் ஒலியும் இல்லை. த்ராங்கின் முதல் ஒலி ஜப்பானியத்தில் கிடையாது, அங்கே ‘ச’ வந்து உட்காரும். மெய்கள் சேர்ந்து வந்தால் நடுவில் உயிரொலி நுழையும். முடிவில் ‘சுரொங்கு’. ர, ல வேறுபாடும் இல்லாததால் கிரவுட், கிளவுட் இரண்டும் ‘குராவுதோ’. அயல்மொழிச் சொற்களை எழுதும் ஜப்பானிய எழுத்துமுறையான கத்தக்கானாவிலும் எழுத்து மாறாது. எனவே கண்ணால் மட்டும் படித்த சொல்லைக் காது அடையாளம் காண்பதில்லை.

இரண்டாவது கருவியான ஆங்கி இந்த இரண்டு குறைகளையும் சரிசெய்தது. 2006இல் வந்த மென்பொருள் இது. பெயருக்கு ஜப்பானியத்தில் மனப்பாடம் என்று பொருள். மறக்கப்போகும் நேரத்தை ஒட்டி அட்டையைத் திரும்பக் காட்டும். முன்பக்கத்தில் டோக்கியோவின் மெய்ஜி ஆலயத்தின் புத்தாண்டுப் படம் வைத்தோம். முதல் மூன்று நாளில் சுமார் 30 லட்சம் பேர் வரும் இடம், பார்த்தவர்களுக்கு நெரிசலை விளக்க வேண்டியதில்லை. கீழே ஒரு வாக்கியம், த்ராங் இருக்கும் இடம் மட்டும் காலி. பின்பக்கத்தில் முழு வாக்கியத்தின் ஒலிப்பதிவு. கேட்டு, உரக்கச் சொன்ன பிறகே அடுத்த அட்டை.

மறுபார்வையில் எட்டு முறை மறந்த அட்டையை ஆங்கி ‘லீச்’ என்று குறிக்கும், அமைப்பைப் பொறுத்து ஒதுக்கியும் வைக்கும். அதை அப்படியே மீட்டெடுக்காதீர்கள். அழித்துவிட்டு, சொந்த வாழ்க்கையிலிருந்து வேறு வாக்கியம் எழுதுங்கள். ஷின்ஜுகு நிலையம் வழியே வேலைக்குப் போகும் ஒருவர், காலைப் பயணிகள் நடைமேடையை நிறைப்பதை த்ராங்கை வினைச்சொல்லாக வைத்து எழுதினார். அதன்பின் அவருக்கு அது மறக்கவே இல்லை.

வளைய அட்டையை நாங்கள் விடவில்லை. பொருளுக்குப் பதில் அந்த வாக்கியத்தையே அதிலும் எழுதுகிறோம். ஆங்கி கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோன் செயலிக்குக் காசு கொடுக்க வேண்டும், ஆனால் ஐபோனிலும் உலாவி வழியே, ஆங்கியின் இணையப் பதிப்பான ஆங்கிவெப்பை இலவசமாகப் பயன்படுத்தலாம்.