பேனிக் அட்டாக்கும் பணித்தகுதிச் சான்றும்: ஒரு பணிநல மருத்துவ மையத்தில் என் அனுபவம்

எனக்கு பேனிக் அட்டாக் (திடீரென்று தாக்கும் கடும் பயமும் படபடப்பும்) வருவது தெரிந்ததும், வேலைக்குத் தகுதி என்று மருத்துவச் சான்று வேண்டும் என்றது அலுவலகம். வேலை போய்விடுமோ என்ற பயத்தோடுதான் அவர்கள் சொன்ன மையத்துக்குப் போனேன்.

மருத்துவர் அவசரப்படவில்லை. நோயைவிட என் வேலையைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்: வண்டி ஓட்டுவேனா, உயரத்தில் ஏறுவேனா, இரவு ஷிப்ட் உண்டா, அட்டாக் வந்தால் சட்டென்று எழுந்து வெளியே போக முடியுமா. பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் அப்புறம் தணியும், சிபிடி என்ற பேச்சு சிகிச்சை நல்ல பலன் தரும் என்றார். படபடப்புக்குத் தைராய்டும் காரணமாகலாம் என்று ரத்தப் பரிசோதனையும் எழுதினார்.

மனசுக்கு நிம்மதி தந்தது அறிக்கைதான். அனுப்பும் முன் என்னிடம் காட்டிச் சம்மதம் கேட்டார். மாத்திரைப் பெயர், வீட்டு விவரம் எதுவும் அதில் இல்லை. "சில மாற்றங்களுடன் பணிக்குத் தகுதி" என்று எழுதி, கொஞ்ச காலம் இரவு ஷிப்ட் வேண்டாம், தேவைப்பட்டால் இடையில் எழுந்து போக அனுமதி, கதவருகே இருக்கை என்று கேட்டிருந்தார்.

வரவேற்பில்தான் கோபம் வந்தது. எல்லோர் காதிலும் விழும்படி "என்ன பிரச்சினை?" என்றார்கள். இந்த நிலையில் வருகிறவரிடம் அப்படிக் கேட்கவே கூடாது.

போகிறவர்கள் வேலை விவரக் குறிப்பையும், சிகிச்சை தரும் மருத்துவரின் கடிதத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். இரண்டையும் படித்த பிறகுதான் மையத்து மருத்துவர் பேனாவையே எடுத்தார்.